காசு மாறாது, ரொட்டி இளைக்கும்

விலையை மாற்றாமல் எடையை மட்டும் குறைத்து விற்றால் அதை ஏமாற்று வேலை என்பார்கள். ஆனால், இங்கிலாந்தில் ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக அதுவே சட்டமாக இருந்தது!

மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1266ஆம் ஆண்டு வாக்கில் வந்ததாகக் கருதப்படும் சட்டம் அது. ரொட்டியின் விலை கால் பென்னி, அரை பென்னி, ஒரு பென்னி என்று நிலையாக இருக்கும். கோதுமை விலை ஏறினால் ரொட்டி இளைக்கும், இறங்கினால் பருக்கும். கோதுமை ஓர் அளவு 12 பென்னிக்கு விற்றபோது, கால் பென்னி வெள்ளை ரொட்டியின் எடை 6 பவுண்டு 16 ஷில்லிங் இருக்க வேண்டும். இது விலையல்ல, எடைதான். அன்று வெள்ளிக் காசின் கணக்கிலேயே ரொட்டியை நிறுத்தார்கள். இன்றைய கணக்கில் 2 கிலோவுக்கும் அதிகம். கோதுமை 18 பென்னியானால் அதே ரொட்டி 4 பவுண்டு 10 ஷில்லிங் 8 பென்னியாகக் குறைந்துவிடும்.

ஏன் இந்தச் சுற்று வழி? ஏழையின் கையில் இருந்த மிகச் சிறிய காசே கால் பென்னிதான். அதுகூட 1279க்கு முன்பு பெரும்பாலும் முழுப் பென்னியை நான்காக வெட்டிய துண்டு. அதற்கும் கீழே சில்லறை இல்லாதபோது விலையை எப்படிச் சிறிது சிறிதாக ஏற்றுவது? ரொட்டி சுடுபவரையும் சட்டம் மறக்கவில்லை. ஓர் அளவு கோதுமைக்கு 4 பென்னியும் தவிடும் அவருக்கு லாபம். விறகுக்கு 2 பென்னி, மெழுகுவர்த்திக்குக் கால் பென்னி என்று செலவுக் கணக்கும் அதில் உண்டு.

எடை குறைந்தால் தண்டனை. லண்டனில் முதல் முறை பிடிபட்டவரை, அந்த ரொட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டு, அழுக்கு மிகுந்த தெருக்கள் வழியே படலில் இழுத்துச் சென்றார்கள். இரண்டாம் முறை தொழுமரம். மூன்றாம் முறை அடுப்பையே இடித்து, நகரில் அந்தத் தொழிலே செய்யக்கூடாது என்று விலக்கிவிட்டார்கள். பன்னிரண்டுக்குப் பதின்மூன்றாகக் கொடுக்கும் வழக்கம் இந்தப் பயத்தில் பிறந்தது என்று கூறுவோர் உண்டு.

பயந்தவர்கள் இருந்தார்கள், துணிந்தவர்களும் இருந்தார்கள். 1327இல் லண்டனில் சில ரொட்டிக்காரர்கள், மாவு உருட்டும் பலகையில் துளை போட்டு வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் சுடுவதற்குக் கொண்டு வந்த மாவை மேலே வைத்ததும், பலகைக்கு அடியில் ஒளிந்திருந்த ஆள் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துக்கொள்வார். மாவோடு அகப்பட்டவர்களுக்குக் கழுத்தில் மாவைத் தொங்கவிட்டுத் தொழுமரம். மாவு அகப்படாதவர்களுக்கு வெறும் தொழுமரம்.

லண்டனில் இச்சட்டம் 1815இல் நீங்கியது. பிற ஊர்களில் 1836இல். ரொட்டிக்காரர் தம் விருப்பப்படி விலை வைக்கலாம் என்றானது. ஆனால் எடை போட்டே விற்க வேண்டும். வண்டியில் வீடு வீடாகக் கொண்டு போனாலும் தராசும் படிக்கற்களும் கூடவே போக வேண்டும்.