கரடிக்கு எதற்கு டை?

யோகி கரடிக்குச் சட்டை கிடையாது. ஜெல்லிஸ்டோன் பூங்காவுக்கு வருபவர்களின் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதன் பிழைப்பு. ஆனால் கழுத்தில் மட்டும் வெள்ளைக் காலரும் பச்சை டையும் மிடுக்காக இருக்கும். ஹக்கிள்பெர்ரி ஹவுண்ட் என்ற நீல நாய்க்குச் சிவப்பு போ டை. விலங்குத்தோல் உடுத்தி வெறுங்காலோடு திரியும் கற்கால மனிதன் ஃப்ரெட் ஃபிளின்ட்ஸ்டோனுக்கும் ஒரு டை உண்டு. மூவரையும் வடிவமைத்தவர் ஒருவரே: எட் பெனடிக்ட். அந்தக் கழுத்துப்பட்டைகள் அழகுக்காக வந்தவை அல்ல. பணத் தட்டுப்பாடு கட்டிவிட்டவை.

1957-ல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. ‘டாம் அண்ட் ஜெர்ரி’யால் ஏழு ஆஸ்கர் விருதுகளை வாங்கிக் கொடுத்த பிரிவு அது. பழைய படங்களைத் திரும்ப வெளியிட்டாலே ஏறக்குறைய புதுப் படத்தின் வசூல் கிடைக்கும்போது புதிதாக எதற்கு எடுக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. பதினேழு ஆண்டுகள் அந்தப் பூனையையும் எலியையும் ஓடவிட்ட வில்லியம் ஹான்னாவும் ஜோசப் பார்பெராவும் தொலைக்காட்சியின் கதவைத் தட்டினார்கள்.

கதவு திறந்தது, காசுதான் வரவில்லை. ஏழெட்டு நிமிட ‘டாம் அண்ட் ஜெர்ரி’ ஒன்றுக்கு எம்.ஜி.எம். 35,000 டாலருக்கு மேல் செலவழித்து வந்தது. ஐந்து நிமிடத் தொலைக்காட்சி கார்ட்டூனுக்கு ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் தர முன்வந்தது சுமார் 3,000 டாலர். அந்தப் பணத்தில் ஓட்டமும் துரத்தலும் நடக்காது. 1957 டிசம்பரில் அவர்களுடைய ‘ரஃப் அண்ட் ரெட்டி’ தொடர் என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்தபோது, கதாபாத்திரங்கள் பெரும்பாலும் நின்ற இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தன.

எனவே, அசைவு குறைந்தாலும் கண்ணை இழுத்துப் பிடிக்கும் உருவம் வேண்டும் என்ற நிலை வந்தது. பெனடிக்ட் அதற்குத் தோதான ஆள். விளம்பரப் படங்களுக்கு வரைந்தவர், எம்.ஜி.எம்.மில் கார்ட்டூன் இயக்குநர் டெக்ஸ் ஏவரியிடம் வேலை பார்த்தவர். கற்கால டெக்ஸாஸில் நடக்கும் ஏவரியின் ‘தி ஃபர்ஸ்ட் பேட் மேன்’ (1955) படத்தில் அவருடைய கையைக் காணலாம். தடித்த கோடு, கோணம் கோணமான உடல், நிழலே இல்லாத தட்டையான வண்ணம். அன்றைய சின்னஞ்சிறு கறுப்பு வெள்ளைத் திரையில், மங்கலான ஒளிபரப்பிலும், இது தொப்பி வைத்த கரடி, இது காது தொங்கும் நாய் என்று சட்டெனத் தெரிந்துவிடும்.

டையின் வேலை என்ன என்று புரிய, படம் எடுக்கும் மேசைக்குப் போக வேண்டும். கண்ணாடிபோல் தெளிவான செல்லுலாய்டு தாள் ஒன்றில் யோகியின் உடல். அதன்மேல் வைக்கும் இன்னொரு தாளில் தலை. தேவைப்பட்டால் மூன்றாவது தாளில் வாய் மட்டும். கரடி பேசும்போது உடல் இருக்கும் தாளை யாரும் தொடுவதில்லை. மேலே உள்ளவற்றை மாற்றி மாற்றி வைத்துப் படம்பிடிப்பார்கள். சிக்கல் கழுத்தில்தான். தலைத் தாளின் கோடும் உடல் தாளின் கோடும் மயிரிழை விலகினாலும் திரையில் கழுத்து துடிக்கும். போதாததற்கு, மேலே ஒரு தாள் ஏறும்போது அடித்தாளின் வண்ணம் ஒரு பிடி மங்கும். ஒரே பழுப்பைப் பூசியிருந்தாலும் தலை ஒரு பழுப்பு, உடல் ஒரு பழுப்பு. அந்த ஒட்டைக் காலரும் டையும் மூடிவிட்டன. பார்க்கும் குழந்தைக்கு அது கரடியின் பகட்டு. வரைபவருக்கு இரண்டு தாள்களின் எல்லை.

இந்த வகைக் கார்ட்டூன்களை ‘படம் போட்ட வானொலி’ என்று சாடினார் கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ். அசைவைப் பொறுத்தவரை அவர் சொன்னது நியாயமே. ஆனால் உருவங்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. நகராமல் நிற்கும்போதும் குணம் தெரிகிற முகத்தை வரைவது, ஓடும் பூனையை வரைவதைவிட எளிதான வேலை அல்ல. 1958-ல் தொடங்கிய ‘ஹக்கிள்பெர்ரி ஹவுண்ட் ஷோ’ எம்மி விருது வாங்கிய முதல் கார்ட்டூன் தொடரானது.

ஃபிளின்ட்ஸ்டோன் குடும்பத்தை பெனடிக்ட் முதலில் வரைந்தபோது, அவர்கள் கூன் விழுந்த முதுகும் பரட்டைத் தலையும் தாடியுமாக, அசல் குகைவாசிகளாகவே இருந்தார்கள். பார்பெரா ஒப்புக்கொள்ளவில்லை. நிமிர்ந்து நிற்கட்டும், துப்புரவாக இருக்கட்டும் என்றார். இரவு நேரத்தில் பெரியவர்களும் பார்க்கப்போகும் தொடர். அமெரிக்கப் புறநகர்க் குடும்பஸ்தன் ஃப்ரெட்டிடம் தன்னைக் கண்டுகொள்ள வேண்டும். தாடி போய், சவரம் செய்த மறுநாள் தாடைபோல ஒரு கருமை மட்டும் மிஞ்சியது. 1960 செப்டம்பர் 30-ல் ஏ.பி.சி.யில் தொடங்கிய தொடர் 166 அத்தியாயங்கள் ஓடியது.

அடுத்து வந்தவர் இவாவோ தகமோட்டோ. லாஸ் ஏஞ்சலஸில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு அடைத்துவைத்த முகாம்களில் ஒன்றான மன்ஸனாரில் அவருடைய இளமை கழிந்தது. அங்கே உடன் அடைபட்டிருந்த, ஹாலிவுட் கலை இயக்குநர்களாக இருந்த இருவரிடம் ஓவியம் கற்றார். முள்வேலிக்குள் நடந்த அந்தப் பாடம்தான் 1945-ல் அவரை டிஸ்னியில் சேர்த்தது. 1961-ல் அந்த இருவரின் ஹான்னா-பார்பெரா நிறுவனத்துக்கு வந்தார்.

1968-ல் சனிக்கிழமைக் காலை கார்ட்டூன்களில் வன்முறை மிகுந்துவிட்டது என்று பெற்றோர் அமைப்புகள் கொதித்தன. சி.பி.எஸ். தொலைக்காட்சி அடிதடி இல்லாத தொடரைக் கேட்டது. பேய்க்கு நடுங்கும் ஒரு பெரிய நாயை வரையும் பொறுப்பு தகமோட்டோவுக்கு வந்தது. கிரேட் டேன் நாய்கள் வளர்க்கும் ஒரு பெண் ஸ்டுடியோவிலேயே இருந்தார். போட்டியில் பரிசு வாங்கும் நாய்க்கு என்னென்ன லட்சணம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார் தகமோட்டோ. நேரான முதுகு, நேரான கால்கள், சிறிய மோவாய் என்று பட்டியல் வந்தது. எல்லாவற்றையும் தலைகீழாக்கினார்: கூன் முதுகு, வளைந்த கால், பெருத்த மோவாய். நிறம்கூட அந்த இனத்துக்கு உரியதல்ல. ஸ்கூபி-டூ என்ற அந்த நாய் வாயைத் திறக்கும் முன்பே, எந்த நொடியும் ஓட்டம் பிடிக்கப்போகிறது என்று அந்த முதுகு சொல்லிவிடுகிறது. 1969 செப்டம்பரில் அது திரைக்கு வந்தது.

ஒரு கதாபாத்திரத்தைப் பல கைகள் வரைவதால், வடிவமைப்பாளரின் கடைசி வேலை மாடல் ஷீட். முன்புறம், பக்கவாட்டு, பின்புறத் தோற்றங்கள், கோபம், சிரிப்பு, பக்கத்தில் நிற்பவரோடு ஒப்பிட்ட உயரம் எல்லாம் அதில் இருக்கும். ஹான்னா-பார்பெராவின் தொடக்க கால மாடல் ஷீட்களில் பலவற்றை வரைந்தவர் டிக் பிக்கன்பாக். 1970-களில் வேலை கடல் கடந்தபோது அந்தத் தாளின் மதிப்பு இன்னும் கூடியது. நிறுவனம் சிட்னியில் ஸ்டுடியோ திறந்தது. 1978-ல் ஜேம்ஸ் வாங் தைபேயில் தொடங்கிய ஸ்டுடியோவும் அதற்காக வரைந்தது. ஸ்கூபியின் கால் எந்த இடத்தில் வளைய வேண்டும், மோவாய் எவ்வளவு தொங்க வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் தெரிந்துகொண்டது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.