நான்காவது யூனிஃபார்ம்

ஒரே ஆள். வாழ்நாளில் நாலு யூனிஃபார்ம். முதலில் ரஷ்ய ஜார் மன்னரின் ராணுவம். அடுத்து, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக சைபீரியாவில் சண்டை போட்ட கோல்சாக்கின் வெள்ளைப் படை. மூன்றாவது, சொந்த நாடான லாட்வியாவின் ராணுவம். நான்காவதுதான் வில்லங்கம். ஹிட்லரின் எஸ்.எஸ்.

பெயர் ருடால்ஃப்ஸ் பாங்கெர்ஸ்கிஸ். பிறந்தது 1878ல். பால்டிக் கடலோரத்தில், எஸ்தோனியாவுக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவே இருக்கிறதே, அந்தக் குட்டி லாட்வியாதான் தேசம். 1918ல் அது சுதந்திரம் பெற்றது. 1920களில் பாங்கெர்ஸ்கிஸ் போர் அமைச்சராகவே இருந்திருக்கிறார். அப்புறம் ஓய்வு. கதை இங்கேயே முடிந்திருந்தால் கௌரவமான கதை.

முடியவில்லை. 1940 ஜூனில் சோவியத் படை உள்ளே வந்தது. அடுத்த வருடம் ஜூன் 14 அன்று ஒரே மூச்சில் சுமார் 15,000 பேரைப் பிடித்து ரயிலேற்றி நாடு கடத்தினார்கள். இரண்டே வாரம். ஜூலை 1, ரிகாவுக்குள் ஜெர்மானியர்கள் நுழைந்துவிட்டார்கள். விடுதலை வந்துவிட்டது என்றுதான் பலபேர் நினைத்தார்கள். வந்தது அடுத்த முதலாளி.

1943 பிப்ரவரியில் ஹிட்லர், லாட்வியர்களைக் கொண்டு ஓர் எஸ்.எஸ். படை அமைக்க உத்தரவிட்டார். பதிலுக்கு சுயாட்சி கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. ஆள் மட்டும் கேட்டான் ஜெர்மானியன். பெயர்ப் பலகையில் ‘தன்னார்வப் படை’. உள்ளே போனவர்களில் பெரும்பாலானோர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். மக்களை நம்பவைக்க உள்ளூர் முகம் ஒன்று வேண்டாமா? 64 வயது பாங்கெர்ஸ்கிஸ் கிடைத்தார்.

பதவி, இன்ஸ்பெக்டர் ஜெனரல். கேட்க கம்பீரமாக இருக்கிறதல்லவா? ஆனால் போர்முனையில் டிவிஷன்களுக்குத் தலைமை தாங்கியவர்கள் ஜெர்மன் ஜெனரல்கள். இவர் தன் பையன்கள் நடத்தப்படும் விதம் பற்றிப் புகார் சொல்லலாம். சொன்னார். அவ்வளவுதான். வணிகத்தில் இதை ஸ்லீப்பிங் பார்ட்னர் என்போம். ஆனால் அவனுக்காவது லாபத்தில் பங்கு உண்டு. இவருக்குப் பொறுப்பில் மட்டும் பங்கு.

அந்தப் பொறுப்பு சின்னதல்ல. அவர் சட்டை மாட்டிய நேரத்தில், லாட்விய யூதர்களில் பெரும்பாலானோர் உயிரோடு இல்லை. 1941 நவம்பர் 30, டிசம்பர் 8. இரண்டே நாளில், ரிகாவுக்கு வெளியே ரும்புலா காட்டில் சுமார் 25,000 பேரைச் சுட்டுப் புதைத்திருந்தார்கள். உதவிக்கு நின்றவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. அந்தக் கூட்டத்தில் சிலர் பின்னாளில் இவர் பார்வையிட்ட படையிலேயே வந்து சேர்ந்தார்கள். யாரிடம் சம்பளம் வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கினார் என்று சொல்ல வழியே இல்லை.

1945 பிப்ரவரியில் ஒருவழியாக அரசியல் பதவி வந்தது. லாட்விய தேசியக் கமிட்டியின் தலைவர். எங்கே? ஜெர்மனியின் போட்ஸ்டாமில். லாட்வியாவில் மேற்கு மூலை தவிர மற்றதெல்லாம் அப்போது செம்படை கையில்! மே மாதம் ஜெர்மனியும் சரணடைந்தது. பிரிட்டிஷ்காரர்கள் அவரைப் பிடித்து வைத்திருந்துவிட்டு விடுவித்தார்கள். 1958ல் மேற்கு ஜெர்மனியில் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார்.

1995ல், மீண்டும் சுதந்திரமாகிவிட்ட லாட்வியா அவர் எலும்புகளைக் கொண்டுவந்து ரிகாவின் ராணுவ மயானத்தில் புதைத்தது. தேசபக்தர் என்பவர்களும் உண்டு, துரோகி என்பவர்களும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தன் நாட்டுக்காக எதையாவது பேரம் பேசி வாங்கிவிடலாம் என்று போனவர், கையோடு கொண்டுபோனது தன் நல்ல பெயரை. ஆக்கிரமிப்பாளனுக்குத் தேவைப்பட்டதும் அது ஒன்றுதான்.