தாளம் போடறது யாரு?

போன ஆடிக்கு அரியக்குடி போயிருந்தேன். மத்தியானம் கரண்ட் போச்சு. மொட்டை மாடியில சூரியத் தகடு பளபளன்னு கிடக்கு. சுவத்துல இருக்கற இன்வர்ட்டரோ சிவப்பு விளக்கைக் காட்டிட்டுத் தூங்குது.

"ஏந்தம்பி, வெயிலு மண்டையைப் பொளக்குது, இந்தப் பொட்டிக்கு என்ன கேடு?"ன்னு அப்பத்தா கேட்டுச்சு.

இப்ப பொட்டி தட்டற பொழைப்புன்னாலும், படிச்சது மின் பொறியியல். மானப் பிரச்சினை மக்களே!

நம்மூர் ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்த கச்சேரி முறையைத்தான் இன்னிக்கும் பாடறாங்க. அங்கே பாடகர் முன்னால போக, பக்கவாத்தியம் பின்தொடரும். மின்தொகுப்பும் அப்படித்தான். அனல், நீர் மின்நிலையங்கள்ல சுத்தற பெரிய ஜெனரேட்டர்கள் நொடிக்கு 50 சுற்றுன்னு தாளம் போடும். நம்ம பொட்டி அதைக் கேட்டு வாசிக்கும். தாளம் நின்னா கையை எடுத்துடும். எடுக்கலைன்னா, கம்பத்துல ஏறி வேலை பாக்கற லைன்மேன் உயிருக்கு ஆபத்து.

இனி கொஞ்சம் கொசுவத்தி சுத்தலாம்.

1986. தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டுல காத்தாடிகள் வந்துச்சு. 55 கிலோவாட் மாதிரி குட்டி மெஷின்கள். பின்னாடி கயத்தாறு, முப்பந்தல்னு பரவிச்சு. அதுல இருந்தது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். மின்சாரம் கொடுக்கும், ஆனா தன் காந்தப்புலத்துக்குத் தேவையான ரியாக்டிவ் பவரை மின்தொகுப்புகிட்டயே கடன் வாங்கும். அதுக்காகக் கெப்பாசிட்டர் வச்சு ஒப்பேத்தினாங்க. லைன்ல வோல்டேஜ் சரிஞ்சா காத்தாடி கழண்டுக்கும்.

இதை மாத்தினது ஒரு சின்ன சுவிட்ச். 1948ல் சென்னையில் பிறந்து, 1969ல் ஐஐடி மெட்ராஸ்ல படிச்சு முடிச்ச ஜெயந்த் பாலிகா, 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் ஐஜிபிடியை உருவாக்கினார். பழைய தைரிஸ்டரை நினைச்சப்போ ஆன் பண்ணலாம். ஆனா ஆஃப் ஆக, மின்னோட்டம் தானா பூஜ்யத்துக்கு வரணும். ஐஜிபிடியை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன், ஆஃப் பண்ணலாம். அந்த வேகத்துல நேர்மின்சாரத்தை நறுக்கி, வேணும்கிற அலையைச் செதுக்கிடலாம். இதுக்காக 2024ல் பாலிகாவுக்கு மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைச்சது.

அப்புறம் வந்த காத்தாடிகள்ல கன்வெர்ட்டர் ஏறிச்சு. வோல்டேஜ் ஒரு கணம் சரிஞ்சாலும் ஓடாம தாக்குப்பிடிக்கணும்னு மத்திய மின்சார ஆணையம் 2013ல் புது காத்தாலைகளுக்கு விதி போட்டது. 2016ல் பக்கத்து மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துச்சு. சுத்தற பாகமே கிடையாது, மொத்தமும் இன்வர்ட்டர் வழிதான். 2021ல் புகளூர்–திருச்சூர் 2000 மெகாவாட் நேர்மின் இணைப்பு திறந்தாங்க. அதுக்குள்ளயும் இதே ஐஜிபிடிதான்.

எல்லாம் சரி. எல்லாருமே பக்கவாத்தியம் ஆயிட்டா தாளம் போடறது யாரு?

2016 செப்டம்பர் 28. தெற்கு ஆஸ்திரேலியாவில் புயல் மின்கோபுரங்களைச் சாய்க்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள வோல்டேஜ் ஆறு தடவை சரிஞ்சது. "இத்தனை தடவைக்கு மேல சரிஞ்சா விலகிக்கோ"ன்னு காத்தாடிகளோட கட்டுப்பாட்டு மென்பொருள்ல ஒரு எண் இருந்திருக்கு. 456 மெகாவாட் சில நொடிகள்ல காணாமப் போச்சு. மாநிலமே இருட்டு, சுமார் 8.5 லட்சம் இணைப்புகள். ஒரு எண், சாமி! புரொடக்‌ஷன்ல தப்பான எண்ணைப் போட்டுட்டு முழிச்சவங்களுக்கு என் வயித்துக் கலக்கம் புரியும்.

அடுத்த வருஷம் அங்கே ஹார்ன்ஸ்டேல்ல பெரிய பேட்டரி வச்சாங்க. 2022ல் அதோட இன்வர்ட்டர்களுக்கு, சுத்தற ஜெனரேட்டர் மாதிரியே நடந்துக்கக் கத்துக்கொடுத்தாங்க. அதாவது பொட்டி தாளம் போடக் கத்துக்கிச்சு. ஆனா போடறதுக்குப் பின்னால சேமிச்ச சக்தி வேணும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953ல் காரைக்குடியில் திறந்த சிக்ரியில் பேட்டரி ஆராய்ச்சி நடக்கறதை, சைக்கிள்ல அந்தப் பக்கம் போன காலத்துல நான் கண்டுக்கவே இல்லை.

இவ்வளவையும் அப்பத்தாகிட்ட சொல்லி முடிக்கறப்போ கரண்ட் வந்துச்சு. பொட்டி உடனே சேரலை. கொஞ்ச நேரம் தாளத்தைக் கேட்டுட்டுத்தான் பச்சை விளக்கைப் போட்டுச்சு.

"தானாப் போடத் தெரிஞ்ச பொட்டின்னா பேட்டரி வேணும்ங்கற. அதை மாட்டிட்டு ஊருக்குக் கிளம்பு"ன்னுச்சு அப்பத்தா.

டிஸ்கி: பேட்டரி விலை விசாரிச்சாச்சு. அப்பத்தாகிட்ட இன்னும் சொல்லலை.