உலாவி விட்டுச்செல்லும் கைரேகை

குக்கீ எனப்படும் சிறு கோப்புகளை அழித்துவிட்டால் இணையத்தில் தம்மை எவரும் பின்தொடர இயலாது எனப் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை ஆட்டங்கண்டு நீண்ட காலமாகிறது. அமெரிக்காவின் எலக்ட்ரோனிக் புரொன்டியர் பவுண்டேசனைச் சேர்ந்த பீற்றர் எக்கர்ஸ்லி 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 4 இலட்சத்து 70 ஆயிரத்து 161 உலாவிகளில் 83.6 சதவீதமானவை வேறெந்த உலாவியையும் ஒத்திராதவையாகக் காணப்பட்டன. சோதனைத் தளத்துக்குத் தாமாக வந்தோரே ஆராயப்பட்டனர் என்பதால் இவ்விகிதத்தை உலகம் முழுமைக்கும் பொருத்தவியலாது. எனினும், எச்சரிக்கைக்கு அதுவே போதுமானது.

திரையின் அளவு, நேர வலயம், மொழித் தெரிவு, எழுத்துருக்கள் ஆகியவற்றை இணையத்தளங்கள் உலாவியின் வாயிலாகவே அறிந்துகொள்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத படமொன்றை வரையச்செய்து, கணினிக்குக் கணினி அதில் தோன்றும் நுண்ணிய வேறுபாட்டையும் பதிவுசெய்கின்றன. தனித்தனியே அற்பமான இவ்விபரங்கள் ஒன்றுசேரும்போது கைரேகையாகிவிடுகின்றன.

தமிழில் தட்டச்சுச் செய்வோர் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியதொன்றுண்டு. பாமினி போன்ற எழுத்துரு நிறுவப்பட்ட கணினிகள் உலகளவில் மிகச் சொற்பமே. கொழும்பு நேர வலயமும் அதனுடன் சேர்ந்தால் தேடுவோரின் வட்டம் வெகுவாகச் சுருங்கிவிடும். பெயர் மறைத்து அரசியல் கருத்தெழுதுவோருக்கும், பிறரறியாமல் தம் நோய் குறித்துத் தேடுவோருக்கும் இது சிறு விடயமன்று.

உலாவியின் அந்தரங்கச் சாளரம், அதே கணினியைப் பாவிக்கும் மற்றவரிடமிருந்தே மறைக்கும். வீபிஎன் இணைய முகவரியை மாத்திரமே மாற்றும். பாதுகாப்புக்கென மேலதிகச் செருகுநிரல்களை அடுக்கிக்கொள்வோர், விந்தையாக, மேலும் தனித்துத் தெரியக்கூடும். கூட்டத்தோடு கூட்டமாகத் தோன்றுவதே இங்கு காப்பு. தோர் உலாவி தன் பாவனையாளர் அனைவரையும் இயன்றவரை ஒரேமாதிரிக் காட்ட முயல்வது அதனாலேயே. பயர்பொக்ஸ், அறியப்பட்ட கைரேகைக் கருவிகளை 2020 ஆம் ஆண்டு முதல் இயல்பாகவே தடுத்து வருகின்றது.

இவ்வழிமுறை தவறானதென 2019 இல் கூறிய கூகுள் நிறுவனமே, தன் விளம்பரக் கொள்கையில் அதற்கிருந்த தடையை 2025 பெப்ரவரியில் தளர்த்தியது. பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம் அதனைப் பொறுப்பற்ற செயலென விமர்சித்தது.

எமது நாட்டின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இணைய அடையாளங்காட்டியையும் தனிப்பட்ட தரவாகக் கொள்கின்றது. உலாவிக் கைரேகையும் அதனுள் அடங்கும் என்பதே எமது கருத்து. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதனை ஐயத்துக்கிடமின்றி அறிவிக்க வேண்டுமென நாம் கோருகின்றோம்.