அடிமனையும் மேற்கட்டடமும்

தமிழகக் கல்வெட்டுகளில் ‘பள்ளிச்சந்தம்’ என்னும் சொல் பலவிடங்களில் பயின்று வருகிறது. சமணப் பள்ளிகளுக்கு அறமாக விடப்பட்ட நிலத்தை அது குறிக்கும். உழுது பயிரிடும் உரிமையைக் ‘காராண்மை’ என்றும், நிலத்தின் மேலுரிமையை ‘மீயாட்சி’ என்றும் பிரித்துரைப்பது பண்டைய வழக்கு. ஒரு மண்ணின்மீது இருவர்க்கு இருவகை உரிமை இருத்தல் கூடும் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர்.

வயலில் தோன்றிய இவ்வழக்கு நகரத்துக் கடைவீதியிலும் தொடர்ந்தது. சென்னையில் வணிகர் பலர் பிறர் மனையை வாடகைக்குப் பெற்று, தம் பொருட்செலவில் கடையும் கிடங்கும் எழுப்பினர். மண் ஒருவருடையது, சுவரும் கூரையும் மற்றொருவருடையவை. மண்ணோடு சேர்ந்தது அனைத்தும் மண்ணுக்குரியவரையே சாரும் என்னும் ஆங்கிலச் சட்டநெறி இந்நாட்டில் அப்படியே ஏற்கப்படவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், குத்தகைதாரர் தாம் கட்டியதைப் பிரித்தெடுத்துச் செல்ல இடமளித்தது.

ஆயினும் அவ்வுரிமையால் விளைந்த பயன் சிறிதே. பிரித்தெடுத்த கட்டடம் வெறுஞ்செங்கல்லும் மரமுமாகவே எஞ்சும். மாதவாடகைக்குப் பெற்ற மனையாயின், 15 நாள் அறிவிப்பில் வெளியேற்றவும் சட்டம் இடந்தந்தது. வாடகையைத் தவறாது செலுத்தும்வரை தம்மை எவரும் எழுப்பார் என்ற நம்பிக்கையில் முதலிட்டவர், மனைவிலை ஏறியதும் கலங்கி நின்றனர்.

இந்நிலையைக் களையவே 1921ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வெளியேற்றப்படுபவர்க்குக் கட்டடத்தின் மதிப்பை ஈடாக வழங்க வேண்டும் என்றது அதன் 3ஆம் பிரிவு. அவ்வீட்டைப் பெறுவதற்கு மாறாக, நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு அம்மனையையே வாங்கிக்கொள்ளவும் 9ஆம் பிரிவு வழிவகுத்தது. பின்னர் இச்சட்டம் வேறு நகரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. எனினும் 1960ஆம் ஆண்டுத் திருத்தம் தஞ்சாவூர் போன்ற ஊர்களில் வணிகக் கட்டடங்களுக்கு இப்பாதுகாப்பை விலக்கியது. மடத்து மனையில் கட்டடம் எழுப்பிய போக்குவரத்து நிறுவனம் ஒன்று இதனை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றது. 1963இல் அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று.

குத்தகைதாரரைக் காத்த இச்சட்டம் அறநிலையங்களுக்கு இடரும் விளைத்தது. வழிபாட்டிற்கென முன்னோர் விட்ட மனைகள் வாடகைக்கிருந்தோர் கைக்கு விலையாகச் செல்லும் நிலை உண்டாயிற்று. ஆகவே 1996ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம் சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு விலக்களித்தது. இந்து, இசுலாமிய, கிறித்தவ சமயங்களோடு ‘பிற சமயம்’ என்றும் அது குறித்தமையால், சினாலயங்களும் அவ்விலக்கின் வரம்பிற்குள் அடங்கின. மயிலாப்பூர் கபாலீசுவரர் திருக்கோயில் மனையில் இருந்த மன்றம் ஒன்று தொடுத்த வழக்கில், 2005இல் உச்சநீதிமன்றம் அத்திருத்தத்தை உறுதிசெய்தது.

நம் குடும்பங்களிலோ பிறர் மனையில் கடை கட்டியோரும் உளர். ஆலய மனையைக் காக்கும் பொறுப்பேற்றோரும் உளர். இருசாரார்க்கும் இவ்வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்றே. கடைக்கால் தோண்டுமுன் ஆவணம் எழுதப்பெறல் வேண்டும். குத்தகைக் காலம், புதுப்பிக்கும் முறை, காலமுடிவில் கட்டடம் எவரைச் சாரும், ஈடு உண்டா என்பன அதில் ஐயமற விளங்க வேண்டும். ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகை பதிவுசெய்யப்படவும் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி எழுப்பிய சுவர்கள், சொன்னவரும் கேட்டவரும் மறைந்தபின் வழக்குமன்றத்தில் சான்றின்றி நிற்கின்றன. பள்ளிச்சந்தம் அளித்தோர் நிலத்தின் நான்கெல்லையையும் கல்லில் வெட்டிவைத்தது இதனை அறிந்தே போலும்.