மேகம் வரைந்த கேப்டனும் போட்டோ உடைகிற கடையும்

ஃப்ளெக்ஸ் கடைகளில் அன்றாடம் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: "போட்டோ உடையும்ணே." எடமலைப்பட்டி புதூரானாலும் தில்லை நகரானாலும் இதேதான். கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நின்ற அப்பத்தாவின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, எட்டடி கண்ணீர் அஞ்சலி பேனருக்கு இழுக்கச் சொன்னால் டிசைனர் பாவம், வேறென்ன சொல்வார்? ஆனால் திருச்சிக்கு இந்தத் தலைவலி புதுசு இல்லை. 1858-லேயே ஒருவர் இங்கே கேமராவோடு வந்து இதனுடன் மல்லுக்கட்டியிருக்கிறார்.

அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். கேப்டன் என்றால் நமக்கு வேறொருவர்தான் நினைவுக்கு வருவார். இவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன். 1855-இல் பர்மாவைப் படமெடுத்தார். மறு வருடம் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். 1857 டிசம்பரில், வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத நேரத்தில், பெங்களூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நாலைந்து மாதம் சுற்றினார். மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் தனித்தனித் தொகுப்புகளாகவே 1858-இல் வெளிவந்தன.

அன்றைக்குப் படத்தைப் பெரிதாக்குவது நடைமுறையில் இல்லாத காரியம். நெகட்டிவை உப்பும் வெள்ளியும் ஏற்றிய காகிதத்தின் மேல் வைத்து, அழுத்தி, வெயிலில் காட்டுவார்கள். நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவு. பெரிய படம் வேண்டுமா, பெரிய கேமரா தூக்கு. ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். கிட்டத்தட்ட 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். இழுப்பதே இல்லை என்பதால் உடைவதும் இல்லை. மலைக்கோட்டைப் பாறையின் கீறல்கள் அந்தப் படங்களில் இன்றும் துல்லியமாக இருக்கின்றன.

எடிட்டிங்? அதுவும் செய்தார். அந்தக் கால ரசாயனத்துக்கு நீலம் என்றால் அளவுக்கு மீறிய கூச்சம். கோயிலுக்குச் சரியாக வெளிச்சம் கொடுத்தால் வானம் வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். ட்ரைப் நெகட்டிவின் பின்பக்கம் தூரிகையால் மெல்லச் சாயம் பூசி மேகம் வரைந்தார். சில படங்களில் மரத்துக்கு இலைகூடச் சேர்த்தார். அரசாங்க ஆவணம் எடுக்க வந்தவர் செய்கிற வேலையா இது என்று கேட்கலாம். எனக்கு அதில் கோபமில்லை. பேனர் டிசைனர் பின்னணியில் வானத்தை மாற்றுவதற்கும் இதற்கும் ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி, அவ்வளவுதான்.

அவருடைய பெரிய காரியம் தஞ்சாவூரில் நடந்தது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளை முழுசாக எடுக்க வேண்டும். ஒரே நெகட்டிவில் அடங்காது. கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஒட்டு தெரியாமல் இருக்கத் தூரிகை வைத்தார். பத்தடி அகல மெஷினில் அதைவிடப் பெரிய ஹோர்டிங் அடிக்க வேண்டுமென்றால் இன்றும் துண்டு துண்டாக அடித்து ஒட்டத்தான் வேண்டும். ஆனால் எழுத்து ஓடுகிற கல்லில், ஒட்டு விழுந்த இடத்தில் தூரிகை வைப்பது மேகம் வரைவதைப் போன்றதில்லை. பின்னால் 1890-களில் ஹூல்ட்ஸ் அந்தக் கல்வெட்டுகளைப் பதிப்பித்தார். கல்வெட்டுத் துறையின் பிரதான கருவியாக நிலைத்ததும் கேமரா இல்லை. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒற்றி எடுக்கும் மைப்படிதான். அதுவும் கல் எவ்வளவோ அவ்வளவு.

இப்போது அப்பத்தாவுக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு. நம் கண்ணுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 0.3 மில்லிமீட்டர் புள்ளிவரை பிரித்துப் பார்க்க முடியும். பத்து மீட்டர் தள்ளி நின்றால் 3 மில்லிமீட்டர். அதனால்தான் ரோட்டோர பேனருக்கு 300 டிபிஐ என்று யாராவது அடம்பிடித்தால் கடையில் சிரிப்பார்கள். 20 அடி பேனரை 25 டிபிஐ-யில் அடித்தாலும் நாலு மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. சிக்கல் மூலப் படத்தில்தான். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அந்த குரூப் போட்டோவில் அப்பத்தாவின் முகம் 200 பிக்சல் இருந்தால் அதிகம். அதை நாலடிக்கு இழுத்தால் ஒரு பிக்சல் 6 மில்லிமீட்டர். இருபது மீட்டர் தள்ளி நின்றாலும் கட்டம் தெரியும். "ஒரிஜினல டாக்குமெண்ட்டா அனுப்புங்க" என்று டிசைனர் கெஞ்சுவது இதற்காகத்தான்.

ஒரிஜினலே இல்லாதவர்கள் நிறையப் பேர். 1993-க்குப் பிறகு வந்த வாக்காளர் அட்டையில் இருக்கிற படம்தான் வாழ்நாளின் ஒரே படம் என்கிற கிழவிகள் எத்தனை பேர்! அதை ஸ்கேன் பண்ணி, புள்ளிகளை மழுப்பி, நிறம் ஏற்றி, பட்டுப் புடவை கட்டி விடுவார்கள். மழுப்பும்போது முதலில் போவது மச்சம், அடுத்தது அம்மைத் தழும்பு. இப்போது ஏஐ மென்பொருள்கள் வந்துவிட்டன. இல்லாத பிக்சலை அவையே கற்பனை பண்ணி நிரப்பும். படம் உடையாது. தோல் பளபளக்கும், கண்ணில் ஒளி வரும். "எங்க அப்பத்தா மாதிரியே இல்லையே" என்று வீட்டில் யாராவது முணுமுணுக்கும்போது பேனருக்கு ஐலெட் அடித்து முடித்திருப்பார்கள்.

முன்பு சினிமா பேனர் எழுதிய ஓவியர்கள் ஸ்டில் மேல் கட்டம் போட்டு, துணியிலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்குவார்கள். அவர்களும் இல்லாததைக் கையால் நிரப்பியவர்கள்தான். ஆனால் அதை யாரும் போட்டோ என்று நம்பியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஃப்ளெக்ஸ் அந்தத் தொழிலை அப்படியே விழுங்கியது.

பேனருக்கு எதிராகவும் காற்று அடித்தது. 2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்கள் படத்தை பேனரில் போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். பிறகு அது ரத்தானது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, வண்டியில் போன 23 வயதுப் பெண் லாரியில் அடிபட்டு இறந்த பிறகுதான் கட்சிகள் கொஞ்ச காலம் அடங்கின.

ட்ரைப்பின் கதையை முடித்து வைத்தது சிக்கனம். 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், மாகாணத்தின் நிதி நிலைமைக்கு இது ஆடம்பரம் என்று சொல்லி வேலையை நிறுத்தச் சொன்னார். அடுத்த வருடம் கடை மூடப்பட்டது. படங்களும் பல நெகட்டிவ்களும் தப்பின. நெகட்டிவ்களில் அவர் பூசிய மேகமும் கூடவே தப்பியது.

அப்பத்தாவின் பேனர் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இறங்கும். நல்ல கெட்டியான ஃப்ளெக்ஸ், யாரும் வீசமாட்டார்கள். ஆட்டுக் கொட்டகைக் கூரையில் முகம் உள்பக்கமாக வருகிற மாதிரி கட்டுவார்கள். வெயிலுக்கு நிறம் போகாது. கடையில் கம்ப்யூட்டர் நிறைந்தால் ஃபைலை அழித்துவிடுவார்கள்.