நிழற்படப் போட்டியும் திருத்தத்தின் எல்லையும்

நிழற்படம் பொய் சொல்லாது என்பது மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. ஓவியன் தன் மனம் விரும்பியதை வரைவான்; கமராவோ தன் முன் நின்றதையே பதிக்கும் என்பது அந்நம்பிக்கையின் அடிப்படை. அது காரணமாகவே நீதிமன்றமும் பத்திரிகையும் கடவுச்சீட்டு அலுவலகமும் நிழற்படத்தைச் சான்றாகக் கொள்கின்றன. ஆயின், நிழற்படக் கலையின் வரலாற்றை ஆராய்வோர்க்கு வேறொரு செய்தி புலனாகும். அக்கலை தோன்றிய காலந்தொட்டே படத்தைத் திருத்தும் கலையும் அதனுடன் இரட்டைப் பிள்ளையாக வளர்ந்து வந்துள்ளது. போட்டிக்கு வரும் படத்தில் எவ்வளவு திருத்தத்தை அனுமதிக்கலாம் என்னும் வினா கணினியோடு பிறந்ததன்று; அதற்கு ஏறக்குறைய 170 ஆண்டு வயது உண்டு. அவ்வினாவைத் தமிழகத்திலும் இலங்கையிலும் நிகழ்ந்தவற்றை முதன்மையாகக் கொண்டு நோக்குதல் பயனுடைத்து.

1855 ஆம் ஆண்டில் சென்னையில் மூலப்பொருள்களுக்கும் கைத்தொழில்களுக்குமான பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அதில் லினேயஸ் ட்ரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, மைசூர் நாட்டுக் கோயில்களைத் தாம் பிடித்த படங்களை வைத்திருந்தார். தாளில் எடுக்கப்பட்ட காட்சிப் படங்களுள் அவையே சிறந்த தொகுதி என நடுவர்கள் தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டில் அவர் சென்னை மாகாண அரசாங்கத்தின் நிழற்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858 இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் மெழுகூட்டிய தாள் நெகற்றிவுகளில் பதிவுசெய்தார். தென்னாட்டுக் கட்டடக் கலையை ஆராய்வோர்க்கு இன்றும் அப்படங்கள் பெருந்துணையாக உள்ளன.

அக்காலத்து இரசாயனப் பொருள்களுக்கு ஒரு குறை இருந்தது. அவை நீல ஒளியை மிகுதியாகவும் ஏனைய நிறங்களைக் குறைவாகவும் ஏற்றன. கோபுரம் தெளிவாக விழுமளவும் ஒளிபடவிட்டால், வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். மரத்தின் இலைகளோ கருந்திட்டாகும். ட்ரைப் இதனைப் பொறுக்கவில்லை. நெகற்றிவின் மேல் தூரிகை கொண்டு வண்ணம் பூசி வானத்தில் முகில்களை எழுதினார். இலைகளுக்கும் ஒளி கொடுத்தார். ஆகவே, அப்படங்கள் சிலவற்றில் தென்படும் முகில்கள் மதுரை வானத்தில் மிதந்தவையல்ல. அவருடைய கையில் பிறந்தவை.

அதே ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலில் வேறொரு பணியும் செய்தார். விமானத்தின் அடித்தளத்தில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி ஒரே நீள்படமாக ஆக்கினார். எந்தக் கண்ணும் எந்தக் கமராவும் ஒரே நோக்கில் அவ்வாறு கண்டதில்லை. அவ்வகையில் அதுவும் செயற்கையே. ஆயினும், அஃது உண்மைக்குப் பணிசெய்த செயற்கை. கல்லில் உள்ள எழுத்தை உள்ளவாறே வாசிக்க உதவியது. ஒரே கையினின்று இரு திருத்தங்கள் பிறந்தன. ஒன்று இல்லாத முகிலைச் சேர்த்தது. மற்றையது உள்ள எழுத்தைத் தொடர்ந்து காட்டியது. திருத்தத்தின் அளவை மட்டும் நோக்குவோர் பின்னதையே பெரிய குற்றமென்பர். அதன் நோக்கத்தை ஆராய்வோர் முன்னதையே ஐயுறுவர். போட்டி விதிகளின் வரலாறு முழுவதும் இவ்விரு பார்வைகளுக்கிடையே நடந்த போராட்டமே எனலாம்.

ஐரோப்பாவிலும் அக்காலத்தே இவ்வழக்கு மூண்டது. 1857 இல் மன்செஸ்ரர் நகரக் கலைக் கண்காட்சியில் ஒஸ்கார் றெய்லாண்டர் என்பார் முப்பதுக்கு மேற்பட்ட நெகற்றிவுகளை இணைத்து ஆக்கிய ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் படத்தை வைத்தார். விக்ரோறியா மகாராணியார் அதன் பிரதியொன்றை வாங்கினார். ஸ்கொத்லாந்து நிழற்படச் சங்கமோ அதனைக் காட்சிக்கு ஏற்க மறுத்தது. மறுத்தவர்களைத் தூண்டியது இணைப்பு முறை மட்டுமன்று. அதிலிருந்த ஆடையற்ற உருவங்களும் காரணமாயின. 1858 இல் ஹென்றி பீச் றொபின்சன், நோயுற்ற இளம்பெண் ஒருத்தி உயிர் பிரியும் காட்சியை ஐந்து நெகற்றிவுகளால் அமைத்தார். ஓவியர் அவ்வாறு வரைந்திருப்பின் எவரும் வருந்தியிரார். நிழற்படம் ஆதலின், கண்டோர் அதனை மெய்யான மரணமாக எண்ணி மனம் நொந்தனர். படத்தின் உருவம் ஒன்றாயினும், அது பார்ப்போனுக்கு அளிக்கும் வாக்குறுதி வேறாகும் என்பதை இந்நிகழ்ச்சி முதன்முதலாக உணர்த்திற்று.

இலங்கை மண்ணிற் கண்மூடிய யூலியா மார்கறெற் கமறன் அம்மையாரின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 இல் மலைநாட்டில் மறைந்த அவர் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். இங்கிலாந்தில் அவர் பிடித்த முகப்படங்கள் தெளிவற்றவை என்றும், நெகற்றிவில் கீறலும் கறையும் மலிந்தவை என்றும் அந்நாட்டு நிழற்பட இதழ்கள் பழித்தன. ஆயினும், அந்தப் பழிப்புரைகளை இன்று நினைப்பார் சிலர். அம்முகப்படங்களோ உலகின் பெரிய கலைக்கூடங்களில் உள்ளன. நடுவர்களின் விதி காலத்துக்கு உட்பட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கொழும்பு நகரில் இவ்வினாவுக்கு உயிர்கொடுத்தவர் லயனல் வென்ட். 1900 ஆம் ஆண்டில் பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்த அவர், இலண்டனிற் சட்டமும் பியானோ இசையும் பயின்று திரும்பினார். 1934 இல் பேனாட் தோண்லி, டியூறன்ற் ஆகியோருடன் சேர்ந்து இலங்கை நிழற்படச் சங்கத்தை நிறுவினார். 1938 இல் இலண்டனில் அவருடைய படங்களுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. மீனவர், உழவர், கோயில், கடற்கரை என இந்நாட்டு வாழ்வை நேராகப் பிடித்த படங்கள் அவரிடம் பல. அவற்றுடன், படத்தைக் கழுவும் வேளையில் மீண்டும் ஒருகணம் ஒளிபடச் செய்து விளிம்புகளிற் கருங்கோடு தோன்றச்செய்யும் முறையையும், பல நெகற்றிவுகளை ஒன்றாக இணைக்கும் முறையையும் அவர் துணிந்து கையாண்டார். நேர்படமும் ஆக்கப்படமும் ஒருவரிடத்தே பகையின்றி வாழ்ந்தன. எது நேர்படம், எது ஆக்கப்படம் என்பதைப் பார்ப்போன் கண்ட மாத்திரத்தே அறியக்கூடியதாயிருந்தமையே அதற்குக் காரணம்.

வென்ட் 1944 இல் மறைந்தார். அவருடைய நெகற்றிவுகள் பின்னர் அழிக்கப்பட்டன. அச்சிட்ட படங்களே எஞ்சின. 1950 இல் வெளிவந்த ‘லயனல் வென்டின் இலங்கை’ என்னும் நூலும், 1953 இல் அவர் பெயராற் கொழும்பிற் திறக்கப்பட்ட கலையரங்கமும் அவரை நினைவூட்டுகின்றன. இக்காலப் போட்டிகள் பல, பரிசுக்குத் தெரிவாகும் படத்தின் மூலக்கோப்பைக் காட்டுமாறு கேட்கின்றன. அவ்விதியை வென்டின் எஞ்சிய படங்களுக்கு இன்று விதித்தால், அவற்றுள் ஒன்றேனும் தேறாது. இதனால் அவ்விதி தவறு என்பது பெறப்படாது. ஒரு துறைக்கு இன்றியமையாத விதி, மற்றொரு துறையிற் பொருளற்றுப் போகலாம் என்பதே பெறப்படும்.

கலைக்கூடங்களை விட்டு இல்லங்களுக்கு வருவோம். களுபோவிலையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பழைய தமிழ் இல்லங்களிற் சுவரில் தொங்கும் பெற்றோர் படங்களை உற்று நோக்கின் ஓர் உண்மை விளங்கும். அம்மைத் தழும்பும் கண்ணின்கீழ்க் கருமையும் அவற்றில் இரா. ஸ்ரூடியோக்காரர் கூரிய பென்சிலால் நெகற்றிவைத் தடவி அவற்றை மறைத்திருப்பர். தனிப்படம் இல்லாது இறந்துபோனவரைக் குடும்பக் கூட்டுப்படத்திலிருந்து பிரித்தெடுத்துப் பெரிதாக்கி, கோட்டும் தலைப்பாகையும் எழுதி மாலையிட்டு வைத்த படங்களும் உண்டு. பிள்ளைகள் அதனைப் பொய்யென்று கொள்வதில்லை. தந்தையை அவ்வாறு நினைவிற்கொள்ள வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். படம் அவர்களுக்கு அளித்த வாக்குறுதியும் அதுவே.

இனி, இதற்கு நேர்மாறான ஒன்றை நோக்குவோம். 1983 யூலையில், கொழும்பு பொறளையில், ஆடை களையப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவர் குனிந்த தலையுடன் இருக்க, சூழ நிற்போர் ஆடிக் களிக்கும் காட்சி ஒரு நிழற்படத்திற் பதிவாயிற்று. அவ்விரவின் கொடுமையை எழுத்தில் வடித்தோர் பலர், மறுத்துரைத்தோரும் உளர். அப்படத்தின் முன் மறுப்புரை நாணுகிறது. அதில் ஓர் உருவத்தைச் சேர்த்திருந்தாலோ, ஒன்றை அகற்றியிருந்தாலோ அதன் வலிமை முழுவதும் அக்கணமே அழிந்திருக்கும். ஒரு பொய்யான முகில் கோயிற் படத்தைக் கெடுப்பதில்லை. ஒரு பொய்யான நிழல் சாட்சிப் படத்தைக் கொன்றுவிடும். ஒன்று பொய்த்தால் மெய்யான ஏனைய படங்களையும் மறுப்பதற்கு அதுவே வாயிலாகும். துன்பம் உற்ற மக்களுக்கு இஃது அழகியற் பிரச்சினை அன்று, நீதியின் பிரச்சினை.

செய்திப் படங்களுக்கான உலகப் போட்டிகள் கடுமை காட்டுவது இதனாலேயே. 2010 இல் உலகப் பத்திரிகை நிழற்படப் போட்டியிற் பரிசு பெற்ற படமொன்றில், பின்னணியிலிருந்த காலின் சிறு பகுதி அழிக்கப்பட்டிருந்தமை மூலக்கோப்பால் வெளிப்பட்டது, பரிசு பறிக்கப்பட்டது. 2015 இல் அப்போட்டியின் இறுதிக்கு முந்திய சுற்றை அடைந்த படங்களுள் ஏறக்குறைய 20 வீதம் திருத்தக் குற்றத்தால் நீக்கப்பட்டன. ஆனால், திருத்தம் சிறிதும் இன்றியே பொய் நிகழக்கூடும். 2009 இல் ஆண்டின் சிறந்த வனவிலங்கு நிழற்படமாகத் தெரிவான, வேலியைத் தாண்டும் ஓநாயின் படம் அடுத்த ஆண்டிற் பரிசை இழந்தது. அவ்விலங்கு பழக்கப்பட்டதாயிருத்தல் வேண்டும் என நடுவர்கள் முடிவுசெய்தனர். படம்பிடித்தவர் அதனை மறுத்தார். கணினி தொடாத படமும் நேர்மையற்றதெனத் தீர்க்கப்படலாம் என்பதை இவ்வழக்குக் காட்டுகின்றது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் சிக்கல் மேலும் முறுகிற்று. 2023 இல் சோனி உலக நிழற்பட விருதுகளின் ஒரு பிரிவில் வென்ற ஜேர்மன் கலைஞர் போறிஸ் எல்டாக்சன், அப்படம் கமராவால் எடுக்கப்பட்டதன்று என வெளிப்படுத்தி விருதை மறுத்தார். 2024 இல் மைல்ஸ் அஸ்ற்றே என்பார் இதனைத் தலைகீழாக்கினார். பூநாரைப் பறவையை மெய்யாகவே படம்பிடித்து, செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கான பிரிவில் அனுப்பிப் பரிசும் பெற்றார்; உண்மை வெளிப்பட்டதும் நீக்கப்பட்டார். முன்னவர் மெய்ப்படத்தின் இடத்திற் பொய்ப்படத்தையும், பின்னவர் பொய்ப்படத்தின் இடத்தில் மெய்ப்படத்தையும் வைத்தனர். கைதேர்ந்த நடுவரின் கண்ணும் வெறும் தோற்றத்தால் உண்மையைத் துணிய முடியாது என்பதை இருவரும் நிறுவினர்.

இவ்வரலாற்றை நோக்கியபின் இரு தீவிரக் கொள்கைகள் நிலைபெறா என்பது தெளிவு. எவ்விதத் திருத்தமும் கூடாது என்பது முதலாவது. இது நிறைவேற்ற இயலாத விதி. நிறமுள்ள உலகைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டுவதே ஒரு பெருந் திருத்தம். இக்காலக் கைப்பேசியோ, படம் பிடிப்போன் விரலை எடுக்குமுன்பே பல பதிவுகளை இணைத்து, ஒளியைச் சமன்செய்து, ஒரு படத்தைத் தானே ஆக்கித் தருகின்றது. கலையில் எல்லாம் தகும் என்பது இரண்டாவது. இதனை ஏற்றால், விடியற்காலையிற் பனியில் நின்று காத்திருந்தவனும், அறையிலிருந்து ஒட்டிச் சேர்த்தவனும் ஒரே தராசில் நிறுக்கப்படுவர். உழைப்புக்கு உரிய மதிப்பு அழியும். பார்ப்போனின் நம்பிக்கையும் அழியும்.

ஆகவே, எவ்வளவு என்னும் வினாவுக்கு முன், எதற்காக என்னும் வினாவைப் போட்டி நடத்துவோர் கேட்டல் வேண்டும். செய்தி, இயற்கை, வரலாற்றுப் பதிவு ஆகிய பிரிவுகளில் ஒளியையும் நிறத்தையும் சமன்செய்தலும் ஓரங்களை வெட்டுதலும் போதும். பொருளைச் சேர்த்தலும் நீக்கலும் அறவே கூடா. மூலக்கோப்பும் அங்கே கேட்கப்படவேண்டும். ஆக்கப் பிரிவிற் கலைஞன் தான் பிடித்த படங்களை எவ்வாறேனும் இணைக்கட்டும். ஆயின், செய்ததை ஒரு வரியிற் கூறட்டும். கமராவின்றிப் பிறந்த படத்துக்குத் தனிப் பிரிவு அமையட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்விதிகள் படங்களை ஏற்குமுன் அறிவிக்கப்படல் வேண்டும். பரிசளித்தபின் பிறக்கும் விதி, குற்றமற்ற மாணவனையும் குற்றவாளி ஆக்கிவிடும்.

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நிழற்படப் போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. மாணவன் ஒரு முகிலைச் சேர்ப்பதனால் உலகம் கெட்டுவிடாது. சேர்த்ததை மறைக்கப் பழகுவதாற் கெடும். தஞ்சைக் கல்வெட்டுப் படத்தின் முன் நிற்போர் 21 படங்களின் இணைப்பை இன்றும் கண்ணாற் காணலாம். ட்ரைப் அதனை ஒளிக்கவில்லை. அதனாலன்றோ அப்படத்தை ஆராய்ச்சியாளர் நம்பி வாசிக்கின்றனர். இணைப்பு வெளிப்படையாயிருக்கும் இடத்தில் திருத்தம் கலையாகின்றது. இணைப்பு மறைக்கப்படும் இடத்தில் அது வஞ்சகமாகின்றது.